முழங்கால்

"முழங்கால் மட்டும் நிலத்திலை படக்கூடாது மாஸ்டர்."

குணேஸ்வரி இதை மூன்றாம் தடவையும் சொன்னபோது ஸெய்னுதீன் மாஸ்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுத் தம்பியின் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு அக்கா வந்து சட்டம் பேசுவதை அவர் எங்கும் கண்டதில்லை.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. ஒரு காலை முன்னுக்கு வெச்சு, மற்றக் காலின்ர முழங்கால் நிலத்தில தட்டுற மட்டும் இறங்கி எழும்போணும். மாவட்ட அணிக்கு விளையாடப் போறவனுக்கு இதுதான் தொடையில பலம் தரும்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. இந்தப் பையைத் தோளில கொழுவிக்கொண்டு குந்திக் குந்தி எழும்புறது. உங்கட பிள்ளையார் கோயில் தோப்புக்கரணம் மாதிரித்தான். ஆனா பலன் அரைவாசிதான்."

பை சின்னதுதான். உள்ளே புல்மோட்டைக் கடற்கரையின் கறுத்த மணல். தூக்கிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

"அப்ப தோப்புக்கரணமே போடட்டும்."

"பிள்ளையைப் பஞ்சில பொத்தி வளர்க்கிறீங்க," என்றார் மாஸ்டர். மற்றப் பெடியன்கள் சிரித்தார்கள். தம்பி குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

காரணத்தை அவளால் அங்கே சொல்ல முடியவில்லை. மைதானத்தின் மூலையிலேயே இராணுவக் காவலரண் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சீறினான். "என்ரை மானமே போச்சுது அக்கா!"

"போகட்டும். பாக்கியரத்தினத்தாரின்ரை மகனை ஏன் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்? முழங்காலிலை காய்ப்பு இருந்ததெண்டுதானே? தவண்டு பயிற்சி எடுத்த இயக்கப் பெடியன் எண்டு முடிவு கட்டிப்போட்டாங்கள். அவன் நிலத்துக்குச் சீமெந்து பூசுற மேசன். முழங்காலிலை நிக்காமல் அந்த வேலை செய்ய ஏலுமே?"

குலசிங்கம் தன் முழங்கால்களைத் தடவிப் பார்த்தான். அந்த மேசன் போய் எட்டு மாதம். இன்னும் ஒரு தகவலும் இல்லை.

இரண்டு மாதம் விடாமல் தோப்புக்கரணம் போட்டான். பையின் வார் அழுத்தி அழுத்தி வலது தோள் கறுத்துத் தடித்துப்போனது. குணேஸ்வரி பின்னேரங்களில் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

"எரியுது அக்கா."

"பொறு. தோளெண்டால் பரவாயில்லை, சேர்ட் மறைக்கும்."

மாவட்ட அணியில் அவன் பெயர் வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் விடிய இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களையெல்லாம் பாடசாலை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

சிப்பாய் ஒருவன் குலசிங்கத்தின் முன் வந்து நின்று, காற்சட்டையை உயர்த்தச் சொன்னான். குனிந்து இரண்டு முழங்கால்களையும் விரலால் தேய்த்துப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

குணேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிள்ளையாருக்கு நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டாள்.

சிப்பாய் நிமிர்ந்தான். தன் வலது தோளில் இருந்து நழுவிய துவக்கின் வாரை இழுத்துச் சரிசெய்தான். பிறகு குலசிங்கத்தின் வலது தோளைப் பார்த்தான்.

"சேர்ட் கழட்டு."