திரை போட்ட வீடு

"சார், இன்னிக்கும் நாலு பேரு மேல போயிருக்காங்க."

வாட்ச்மேன் செல்லமுத்து குரலைத் தாழ்த்தியதும் கைலாசம் காதைத் தீட்டிக்கொண்டார்.

"யாரு?"

"எல்லாம் நம்ம அபார்ட்மென்ட் பொம்பளைங்கதானுங்க. மத்தியானச் சோறு முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா அந்த ஜெனிட்டா ஊட்டுக்குப் போறாங்க. கதவச் சாத்திட்டா ஒரு சத்தம் இல்லீங்க. திரும்பி வாரப்போ கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வெல்ல மண்டியைப் புதுப்பித்துக் கட்டிய அபார்ட்மென்ட் அது. சுண்ணாம்புச் சுவரையும் தேக்கு உத்தரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, லிஃப்ட், ஏசி என்று இழைத்திருந்தார்கள். மேல்தள வீட்டுக்கு லாஃப்ட் என்று பெயர். பழைய அண்டாவைத் தூக்கிப் போடும் பரணைத்தான் நாமெல்லாம் அப்படிச் சொல்வோம். இங்கே அது தடுப்புச் சுவரே இல்லாத ஒரே பெரிய கூடம். பாதி உயரத்தில், படியேறிப் போக ஒரு மரத்தளம். வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

அங்கே தனியாகக் குடியிருப்பவள் ஜெனிட்டா. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராத்திரியெல்லாம் வீட்டிலிருந்தே வேலை. பகலில் ஜன்னல் முழுக்கக் கறுப்புத் திரை.

இத்தனை போதாதா, அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் கைலாசத்துக்கு? மேட்டூரில் அரசாங்க ஆபீசராக அதிகாரம் பண்ணி ரிட்டையர் ஆனவர். அதட்ட ஆள் இல்லாமல் வாய் நமநமத்துக்கொண்டிருந்தது.

"சீட்டு கீட்டு நடத்தறாளா?"

"அப்படித் தெரியலீங்க. ஆனா ஒரு அம்மா கட்டைப்பையோட போறாங்க. பை புஸ்ஸுன்னு இருக்குது, கனமே இல்லீங்க."

"புரிஞ்சு போச்சு. அழுது ஜெபம் பண்ண வைக்கறா. நம்ம பொம்பளைங்கள மதம் மாத்தறாய்யா!"

செல்லமுத்து ஏதோ சொல்ல வந்து, கைலாசத்தின் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினார்.

கைலாசம் உடனே வீட்டு ஓனர் நந்தகுமாருக்குப் போன் போட்டார்.

"அந்தப் பொண்ணக் காலி பண்ணச் சொல்லிருங்க."

"நீங்களும் சொல்லிட்டேதான் இருக்கீங்க சார். கையும் களவுமா ஏதாச்சும் காட்டுங்க. அன்னிக்கே சொல்லிர்றேன்."

"நாளைக்கு வீடியோவே அனுப்பறேன், பாருங்க."

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் மனைவி வசந்தாமணி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஏனுங்க, மாடில வத்தல் காயுது. காக்கா கொத்தாமப் பாத்துட்டு வாரேனுங்க."

"போ. அந்த ஜெனிட்டா ஊட்டுப் பக்கம் மட்டும் தலை காட்டாதே."

"அது நல்ல புள்ளைங்க. பாவம், உட்டுருங்களேன்."

"உனக்கு என்ன தெரியும்? போறதுக்கு முன்னால ஒரு காப்பி போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தாள். வாசல் வரைக்கும் போனவளை, "வசந்தாமணி, என் கண்ணாடி எங்க?" என்று மறுபடி கூப்பிட்டார். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நம் வீட்டுப் பெண் வேலையுண்டு தானுண்டு என்று இருக்கிறாள், மற்றவளுகளுக்கு என்ன கேடு என்று நினைத்தபடி காப்பியை முடித்தார் கைலாசம். துப்பறியப் போகிறோமே என்று போனைச் சத்தம் வராமல் மாற்றிக்கொண்டு மேலே போனார்.

ஜெனிட்டா கதவைத் திறந்ததுமே உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா அங்கிள்..."

"உள்ள என்ன நடக்குது?"

பதிலுக்குக் காத்திராமல், கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார். இருட்டு கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தரையில் வரிசையாகப் பாய்கள். இரண்டாவது மாடி ரஞ்சிதா சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மாள் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு ஒரு தலையணை. ஓரத்தில் காலியான கட்டைப்பை.

எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?" கைலாசத்தின் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"தூக்கம்தான் அங்கிள். நான் பகல்ல தூங்கறவ. ஒருநாள் ஒரு அம்மா எனக்குப் பணியாரம் கொண்டாந்தாங்க. உக்காருங்கன்னேன். சோபாவுல உக்காந்தபடியே தூங்கிட்டாங்க. எந்திரிச்சதும் ஒரே அழுகை. யாரும் கூப்பிடாமத் தூங்கி எத்தனை நாளாச்சு சாமின்னு சொன்னாங்க. நீங்க தினம் வாங்கன்னேன். அவங்கதான் மத்தவங்களையும் கூட்டிட்டு வந்தாங்க."

"யாரு அந்தம்மா?"

ஜெனிட்டா நிமிர்ந்து மரத்தளத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

வசந்தாமணி.

தளத்தின் விளிம்போரமாக, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைபோல் தூங்கினாள். அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. அவர் படுத்தபிறகு படுப்பாள், எழுவதற்குள் எழுந்துவிடுவாள். கைலாசத்துக்கு வெட்கமாக இருந்தது. கேமராவை அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. நந்தகுமார்.

"என்ன சார், வீடியோ வரல? பொண்ணக் காலி பண்ணச் சொல்லிரட்டுமா?"

கைலாசம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவருக்கு எவ்வளவு மெதுவாகப் பேச வருமோ அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"வேண்டாமுங்க. தப்பு எம்மேலதான். அந்தப் புள்ள இங்கயே இருக்கட்டும்."

மெதுவான அந்தக் குரலும் மரத்தளம் வரை போய்விட்டது.

கண்ணைத் திறக்காமலே வசந்தாமணி பதறி எழுந்து உட்கார்ந்தாள். கைகள் தானாகக் கூந்தலை அள்ளி முடிந்தன.

"இதோ வந்துட்டனுங்க... காப்பிதானுங்களே?"