குதிரை போன பக்கம்

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

அதே இடம்தான். இலவ மரமும் அதே மரம்தான். கொஞ்சம் பருத்திருந்தது.

யார்தான் பருக்கவில்லை.

புதிதாக வந்திருந்தது பலகை. 'இயற்கை நடைப்பயணப் பாதை. எளிது.' அதற்குக் கீழே திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், சிறப்புரை ஆற்றியவர், நன்றி நவின்றவர். பாதையைவிடப் பெயர்கள் நீளம். எல்லாருக்கும் அடியில், நடக்க வந்தவர்களையும் நினைத்துக்கொண்டு, இடப்பக்கம் நீட்டிய ஒரு சின்னக் கட்டையில் மஞ்சள் அம்புக்குறி.

சிறப்புரை ஆற்றியவர் இந்த இடம்வரைக்கும் நடந்து வந்திருப்பாரா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. கணவர் வந்துகொண்டிருந்தார்.

இரண்டு கையிலும் மலையேறும் குச்சி. தலையில் காதை மூடும் தொப்பி. காலில், இமயமலைக்கென்று செய்து எப்படியோ சிறுமலைக்கு வந்துவிட்ட பூட்ஸ். காரை விட்டு இறங்கியதிலிருந்து, மூக்கால் எப்படி மூச்சு விட வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார். கடைசி ஏற்றத்தில்தான் வாயால் விட ஆரம்பித்திருந்தார்.

அவள் ரப்பர் செருப்பில் வந்திருந்தாள்.

கல்யாணமான புதிதிலும் விடுமுறைக்கு இந்த மலைக்குத்தான் வந்தார்கள். அப்போது பலகை கிடையாது. இரண்டு பாதை, ஒரு மரம், இருட்டப் போகிற நேரம்.

அப்போதெல்லாம் எலுமிச்சை மூட்டைகளைக் குதிரைகள்தான் சுமந்தன. கழுத்து மணிச் சத்தம் முதலில் வரும், குதிரை அப்புறம் வரும். அன்று எதுவும் வரவில்லை. வலப்பக்கப் பாதையில் குதிரைகள் போட்ட லத்தி மட்டும் கிடந்தது.

வங்கியில் புதிதாக அதிகாரி ஆகியிருந்த அவர், கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பது போல அதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"குதிரை வீட்டுக்குத்தான் போகும். லத்தி கிடக்குற பக்கம்தான் ஊரு."

குதிரை வேலைக்கும் போகும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

லத்தியைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். ஊர் வரவில்லை. எலுமிச்சைத் தோட்டம் ஒன்று வந்தது. அதற்கப்பால் காடு. உள்ளே ஏதோ ஒன்று கத்தியது.

அவர் நின்றார். அவள் கையைப் பிடித்தார். உள்ளங்கை வேர்த்திருந்தது.

"எனக்கு வழி தெரியல, குமுதா."

அவ்வளவு மெதுவாக அவர் எதையும் சொன்னதில்லை. நியாயமாக அவள் பயந்திருக்க வேண்டும். எலுமிச்சை இலை வாசம், இருட்டு, ஈரமான ஒரு கை. இந்த மனுஷனோடு வாழ்ந்துவிடலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

தோட்டக்காரர் டார்ச்சோடு வந்ததும், கடுங்காப்பி கொடுத்ததும் அதற்கப்புறம்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்த கதை வேறு.

"அந்தக் காலத்துலயே நாங்க டிரெக்கிங் போனவங்க சார். எல்லாம் பிளான் பண்ணிப் போனதுதான்."

அவள் காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்பாள்.

அந்த மலையை விட்டு இறங்கிய பிறகு அவருக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை. கேஸ் அடுப்பு ஏன் மஞ்சளாக எரிகிறது என்று தெரியும். மருமகன் ஏன் அந்த வீட்டை வாங்கியிருக்கக் கூடாது என்று தெரியும். அவள் அம்மாவுக்கு வந்த நெஞ்சுவலி வெறும் வாயு என்பதும் தெரிந்திருந்தது.

அது வாயுவாக இல்லை.

அடுத்த வாரம் அவள் மெல்பர்னுக்குக் கிளம்புகிறாள். மகளுக்குப் பிரசவம். திரும்பி வர ஆறு மாதம் ஆகும்.

"நீ போயிட்டு வா. சமையல் என்ன கம்பசூத்திரமா? எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். அவரே குக்கர் வைத்தும் காட்டினார். தண்ணீர் ஊற்றவில்லை. புகை அடங்கியதும், குக்கர் கம்பெனி சரியில்லை என்றார்.

போகாதே என்று அவர் சொல்ல வேண்டாம். சொன்னாலும் போகத்தான் போகிறாள். நீ இல்லாமல் எப்படி என்று தெரியவில்லை, அதை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அந்தக் குரலில்.

அதற்காகத்தான், கன்னியாகுமரி போகலாம் என்றவரை இந்த மலைக்கு இழுத்து வந்திருந்தாள்.

அவர் வந்து சேர்ந்தார். குச்சிகளை ஊன்றி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையை மேலிருந்து படித்தார். எதையும் மேலிருந்து அடிவரை படிக்கிறவர். உதடுகள் அசைந்தன. திறந்துவைத்தவர். முன்னிலை. சிறப்புரை. நன்றி.

அம்புக்குறியில் வந்து நின்றார்.

இனி குச்சியை நீட்டி, 'லெஃப்ட்' என்பார். அவளே செருப்பை இடப்பக்கம் திருப்பினாள்.

அவர் குச்சியை நீட்டவில்லை.

இலவ மரத்தைப் பார்த்தார். வலப்பக்கப் பாதையைப் பார்த்தார். புல் மூடிக் கிடந்தது. இப்போது மூட்டைகளெல்லாம் ஜீப்பில் போகின்றன.

அவளைப் பார்க்கவில்லை.

தொப்பியைக் கழற்றினார். வழுக்கையில் வியர்வை மினுங்கியது. துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தாள்.

தொப்பியை அம்புக்குறியின் மேல் மாட்டினார்.

"எந்தப் பக்கம் போறதுன்னே தெரியலையே, குமுதா."

அதே குரல். கொஞ்சம் இளைப்புக் கூடியிருந்தது.

தொப்பிக்கு வெளியே அம்புக்குறியின் மஞ்சள் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாள்.

முந்தானையை இடுப்பில் செருகினாள். வலப்பக்கம் போய்ப் புல்லை விலக்கினாள்.

குனிந்து, குதிரை லத்தியைத் தேட ஆரம்பித்தாள்.