சனிக்கிழமை வராதவர்

"ஜோமரைப் படகுல ஏத்தக் கூடாது. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

ஹௌனானி சொன்னது கூடத்திலிருந்த அத்தனை பெற்றோருக்கும் கேட்டது. ஜோமரின் அப்பா பெனிக்னோவுக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க நிகழ்ச்சிக்கு வந்துட்டுக் குறட்டையைப் பாரு!"

"விடுங்க, பின்னணி இசைக்கு ஆள் வேணும்ல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

ஹீலோ என்ற எங்கள் தீவு ஊரில், அரசாங்க உதவியோடு ஊராரே நடத்தும் ரொம்பச் சின்ன சார்ட்டர் பள்ளி எங்களுடையது. அரசாங்கம் தரும் பணம் சம்பளத்துக்கே சரியாகிவிடும். மற்றதெல்லாம் குடும்பங்களின் கைவேலைதான். மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளியின் சேப்பங்கிழங்கு வயலில் பெற்றோர் சேற்றில் இறங்க வேண்டும். இறங்காத வீட்டுப் பிள்ளைக்கு, ஆண்டு முடிவில் போகிற படகுப் பயணத்தில் இடம் கிடையாது.

விதியைக் கொண்டுவந்தவள் பெற்றோர் குழுத் தலைவி ஹௌனானி. சும்மா சொல்லக் கூடாது. வகுப்பறைக்குக் கூரை வந்ததும் பிள்ளைகளுக்கு பஸ் வந்ததும் அவள் போட்ட சத்தத்தால்தான்.

"பையன் வருஷம் பூரா துடுப்புப் போடப் பழகியிருக்கான், ஹௌனானி" என்றார் தலைமை ஆசிரியர் நோஹியா, தணிந்த குரலில்.

"நானும்தான் வருஷம் பூரா ஓடியிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு மீட்டிங்! நான் என்ன வேலைவெட்டி இல்லாதவளா? இந்த மனுஷன் ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்த்திருப்பாரா?"

"நிகழ்ச்சி முடியட்டும். அப்புறம் எல்லாரும் கையைத் தூக்கிச் சொல்லிடுங்க. அதும்படியே செய்யலாம்."

முதல் வரிசையில் ஜோமர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் பாடம் நடத்துவதே ஒரு தினுசு. வகுப்பில் கற்றதைப் பிள்ளை அன்றன்றைக்கே தன்னைவிடப் பெரியவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவர்தான் அதன் மாணவர். பள்ளி ஆண்டின் கடைசி நாளில், இந்த நிகழ்ச்சியில், தானே பின்னிய இலை மாலையைத் தன் மாணவர் கழுத்தில் போட வேண்டும்.

ஒரு பொடியன் தன் அண்ணனுக்குப் போட்டுவிட்டு, "மக்குதான். ஆனா ஒழுங்கா உட்கார்ந்து கேப்பான்" என்றான். கூடமே சிரித்தது.

அடுத்து ஹௌனானியின் மகள் புவாலெய். ஹீலோவில் பெய்யும் மழைகளுக்கு முன்னோர் வைத்த பெயர்களையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மாலையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஹௌனானி போனைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்து, "நல்லா எடு" என்றாள். கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் குனிந்தாள்.

புவாலெய் அவளைத் தாண்டிப் போனாள்.

"புவா! எங்கடி போற? நான் இங்க இருக்கேன்."

கடைசி பெஞ்ச் வரை போனாள். தூங்குகிறவரின் தலையை ஒரு கையால் தாங்கி, மாலையை மெல்லப் போட்டுவிட்டாள். பெனிக்னோ அசையவில்லை.

ஹௌனானி எழுந்து வேகமாகப் பின்னால் வந்தாள்.

"இவருக்கா? இவருக்கு எப்ப நீ சொல்லிக்கொடுத்தே?"

"நீ மீட்டிங்ல இருக்கறப்பல்லாம்."

"அப்பல்லாம் நீ லைப்ரரியிலதானே இருப்பே?"

"பள்ளிக்கூடம் விட்டதுமே லைப்ரரியைப் பூட்டிடுவாங்கம்மா. வெளியில எப்பவும் மழை. ஜோமரைக் கூட்டிட்டுப் போக அங்கிள் வருவாரா, என்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டார். மூணு பேரும் வண்டியில உட்கார்ந்து மழைப் பேரா சொல்லிட்டிருப்போம். உன் மீட்டிங் கதவு திறந்தப்புறம்தான் அவர் வேலைக்கு ஓடுவார்."



ஹௌனானி அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாதவள்போல, "சரி… அதுக்கும் சனிக்கிழமை வராததுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள்.

"சத்தம் போடாதம்மா, முழிச்சுக்குவார்" என்று உதட்டில் விரலை வைத்தாள் புவாலெய். "ஓட்டல் லாண்டரியில ராத்திரி வேலை. உன் மீட்டிங் முடியற வரைக்கும் இருந்துட்டு லேட்டாத்தானே போறார்? அந்த லேட்டையெல்லாம் சனிக்கிழமை போய்த்தான் கழிக்கணுமாம்."