அறுபதாம் கல்யாணத்தில் பல்வலி

மாலையும் கழுத்துமாக மேடைக்குப் போக வேண்டிய இளையபெருமாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

திருக்கடையூரில் அன்று அவருக்கு அறுபதாம் கல்யாணம். கடைவாய்ப் பல் முன்தினமே முணுமுணுத்தது. மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார். விடிந்து பார்த்தால் கன்னம் கண் வரைக்கும் வீங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிப் பையனை அதட்டிய ஹெட்மாஸ்டர், இப்போது காபி வேண்டாம் என்பதையே கையால்தான் சொன்னார்.

மனைவி அம்சத்துக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்கள் வந்திறங்கியாகிவிட்டது. இன்னொரு மாத்திரையைக் கொடுத்து, தாலி கட்டி முடித்த பிறகு டாக்டரிடம் போகலாமா என்று யோசித்தாள்.

அப்போதுதான் நாகம்மாள் உள்ளே வந்தாள். இளையபெருமாளின் அக்கா. அவளுக்கும் அம்சத்துக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

தம்பியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அம்சத்தின் பக்கம் திரும்பினாள்.

“பல்வலிக்கெல்லாம் யாராவது கல்யாணத்தை விட்டுட்டுப் போவாங்களா? நீ பாட்டுக்கு இவனைக் கூட்டிட்டுக் கிளம்பிடாத. அதுவும் செம்பனார்கோயில் கடைத்தெருவுல நிலோஃபர் டாக்டர்னு இருக்காங்க. அங்க போகவே போகாத. உடனே பல்லுல கை வச்சுடுவாங்க.”

அம்சத்துக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவுதானா மனசு?

“சுடர், காரை எடு” என்றாள் மகளிடம்.

நாகம்மாள் வாசல் வரைக்கும் வந்து சத்தம் போட்டாள். நல்ல நாள் அதுவுமாக இப்படி ஒரு பிடிவாதமா என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்சம் கார் கதவைச் சாத்திவிட்டாள். வழி நெடுக நாத்தனாரைத் திட்டிக்கொண்டே வந்தாள். பதில் சொல்ல முடியாத புருஷன் அன்றைக்கு அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தார்.

கிளினிக்கில் உட்கார இடமில்லாத கூட்டம். ஆனால் இவர்கள் நுழைந்ததுமே, பட்டு வேட்டிக்காரரை உள்ளே வரச் சொன்னார்கள்.

டாக்டர் நிலோஃபர் எக்ஸ்ரே எடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிருந்த சீழை வெளியேற்றினார். சற்று நேரத்தில் இளையபெருமாளுக்கு முகத்தில் உயிர் வந்தது. மெதுவாக வாயைத் திறந்து, “அப்பாடா” என்றார்.

“சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருக்கும். மூச்சு விடறதே கஷ்டமாகியிருக்கும்” என்றார் டாக்டர். “மாத்திரையை விடாம போடுங்க. நாளைக்கு மறுபடி வந்து காட்டுங்க. இப்ப போய்த் தாலியைக் கட்டுங்க.”

அம்சம் புருஷனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நாத்தனார் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடமே கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார்.

“நாகம்மாள்தானே? அவங்க என்னோட பழைய பேஷண்ட். நீங்க கார்ல ஏறினதுமே போன் பண்ணிட்டாங்க. தம்பிக்கு முகமெல்லாம் வீங்கிக் காய்ச்சலும் இருக்கு, வந்ததும் பாருங்கன்னு கெஞ்சினாங்க. ஐயர்கிட்ட பேசி முகூர்த்தத்தைக்கூடத் தள்ளி வச்சிருக்காங்களாம்.”

அம்சத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. “போகவே கூடாதுன்னு நின்னதே அவங்கதான் டாக்டர்.”

“நானும் கேட்டேன். ‘கூட்டிட்டுப் போன்னு நான் சொல்லியிருந்தா, அவ கிளம்பியிருக்கவே மாட்டா டாக்டர்’னாங்க.”