சீசர் யாருடைய நாய்

“அந்த ஆளு அதுக்கு இன்னாவோ போடறான், அம்சா. இல்லன்னா இப்படி ஒட்டிக்காது.”

காசிநாதன் இதைச் சொன்னது ஆனியிலா ஆடியிலா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. அறுபத்தெட்டாம் வருடமாக இருக்கலாம். எதிர்வீட்டில் இருந்தவன் நான். ஆனாலும் நாயின் நிறம்கூட நினைக்கும்போதெல்லாம் மாறி வருகிறது. காசிநாதனின் முகம் மட்டும் மாறுவதில்லை.

சீசரைக் கூரம் கிராமத்திலிருந்து குட்டியாகத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தவர் அவர். தறிக்குழியில் காலை விட்டுப் பட்டு நெய்துகொண்டே அதைப் பழக்கினார். உக்காரு, படு, இரு. தறியோரத்தில் அது ஒரு சொல் தட்டாது. தெருவில் இறங்கினால் அவர் யாரோ, அது யாரோ.

தெருவில் அது துரைக்கண்ணுவின் நாய். கோயிலைச் சுற்றி நாலு வீதியிலும் கற்பூரம் விற்கிறவர் துரைக்கண்ணு. காலையில் அவர் குரல் கேட்டதும் சீசர் ஓடிவிடும். நாலு வீதியும் அவர் கூடவே சுற்றும். அவர் ‘படு’ என்றால் நடுத்தெருவில் படுக்கும்.

அந்தக் குரல் தெருமுனையில் கேட்கும்போதே காசிநாதனின் தறிச்சத்தம் நின்றுவிடும். சாயங்காலம் நாய் திரும்பியதும் அதன் வாயை மோந்து பார்ப்பார். கற்பூர வாசனைதான் அடிக்கும்.

“ஒரு நாயிக்காக இவ்ளோ வயித்தெரிச்சலா?” என்றாள் அவர் மனைவி அம்சா. “நேத்து கரையில ரெண்டு இழை வுட்டுட்டு நெய்ஞ்சிருக்கீங்க. பொண்டாட்டி ஓடிப்போனாகூட ஒழுங்கா நெய்வீங்கபோல.”



மறுநாள் காசிநாதன் சீசரைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு சன்னதித் தெருவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“துரைக்கண்ணு, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும். ரெண்டு பேரும் கூப்புடுவோம். யார்கிட்ட வருதோ, நாய் அவங்களுது.”

“எனக்கு எதுக்குப்பா நாயி? நானா கூப்புட்டேன்? அதுவா வருது.”

“இன்னா போடறே அதுக்கு?”

“ஒரு பொறை ரொட்டிகூடப் போட்டதில்ல.”

டீக்கடை சிட்டிபாபு சங்கிலியை வாங்கிக்கொண்டார். “ஜெயிச்சவரு எல்லாருக்கும் டீ வாங்கணும்பா,” என்று சொல்லி அவிழ்த்துவிட்டார்.

“சீசர், வாடா,” என்றார் காசிநாதன். அதட்டலாகத் தொடங்கிய குரல் கெஞ்சலாக முடிந்தது. துரைக்கண்ணு வாயே திறக்கவில்லை. சீசர் நேராக அவரிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

காசிநாதன் வெகுநேரம் நின்றார். சிட்டிபாபுகூடச் சிரிக்கவில்லை.

“சரி, வச்சிக்க,” என்றார் கடைசியில். திரும்பி நடக்கப் பார்த்தவர், முடியாமல் நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சீசர் காதை நிமிர்த்தியது. எழுந்து ஓடிவந்து அவர் மோவாயை நக்கியது.

“எழுந்துக்காத, அப்படியே இரு,” என்றார் துரைக்கண்ணு. “படுன்னு சொல்லு.”

சொன்னார். படுத்தது.

“தறியில குந்திக்கினுதானே பழக்கினே? அங்க உன் மூஞ்சி அது மூஞ்சிக்கு நேரா இருந்துச்சி. தெருவுல நீ நின்னா அதுக்கு ரெண்டு முழங்கால்தான் தெரியுது. ஊர்ல இருக்கற முழங்கால் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். தப்பு நாயி மேல இல்லப்பா, பழக்கினவன் மேல.”

காசிநாதன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார்: “அப்ப தெருவுல உன்கிட்ட மட்டும் ஏன் வருது?”



“பாத்துக்கினே கேக்கறியே,” என்றார் துரைக்கண்ணு.

பிறகு இரண்டு கைக்கட்டைகளையும் தரையில் ஊன்றி, தொடைக்குக் கீழே ஒன்றுமில்லாத தன் உடம்பைச் சுமந்த சக்கரப் பலகையை எங்கள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

துரைக்கண்ணு எழுபத்திரண்டாம் வருடம் போய்விட்டார். மூன்று வருடம் கழித்துச் சீசர் காசிநாதனின் தறியோரத்தில் செத்தது. அதுவரை தெருவில் அதைக் கூப்பிட வேண்டியபோதெல்லாம், யார் சிரித்தாலும், காசிநாதன் குந்திக்கொண்டுதான் கூப்பிட்டார்.