சிக்னல் வராத அறை

"லேப்டாப்ல ஒண்ணும் இல்ல தம்பி. என் ரூம்லதான் நெட் வரமாட்டேங்குது" என்றார் சந்திரமதி, கதவைத் திறந்த கையோடு.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரியாஸ் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சந்திரமதியின் மகன் ஆதவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"அது பழைய லேப்டாப் அண்ணே. அதுக்குப் போய் உங்கள புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் வரவச்சிருக்காங்க. வேஸ்ட் லா."

"கூப்பிட்டது நான். நீ சும்மா இரு."

நாலு மணிக்குச் சந்திரமதிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. போன வாரம் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே இணைப்பு அறுந்துவிட்டது. சண்டை போட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார். இன்றும் போனால் போனதுதான். இப்போதே மணி மூன்று.

"அறுபத்திரண்டு வயசுல வேலை எதுக்கும்மா? நான் சோறு போடலையா?"

"போடுற. கூடவே பேச்சும் போடுற. அதான் வேலைக்குப் போறேன்."

ரியாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டு சரி. செட்டிங்ஸ் சரி. ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தான். தடங்கல் இல்லாமல் ஓடியது.

"இங்க நல்லா வருதே ஆன்ட்டி!"

"ஹால்லயே உக்காந்து பேசுங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க அண்ணே" என்றான் ஆதவன்.

"நீ டிவில ஃபுட்பால் பாப்ப. உன் பொண்டாட்டி பிளெண்டர் போடுவா. நடுவுல நான் கத்தணுமா? எனக்கு என் ரூம்ல வரணும்."

அந்த விடாப்பிடி ரியாஸுக்குப் பிடித்திருந்தது. "சரி, உங்க ரூமைக் காட்டுங்க ஆன்ட்டி."

"அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல மத்த ரூமையெல்லாம் பாருங்க."

பெரிய படுக்கையறை ஆதவனுக்கும் அவன் மனைவிக்கும். அங்கே நெட் பறந்தது. அடுத்தது ஆதவனின் ஆபீஸ் ரூம். ரவுட்டரே அங்கேதான் இருந்தது. மூன்றாவது அறையில் ஒரு ட்ரெட்மில். அதன்மேல் மடிக்காத துணிகள். அங்கேயும் ஒரு குறையும் இல்லை.

பின்னாலேயே வந்த ஆதவன் நெளிந்தான். "போதும் அண்ணே. லேப்டாப்தான் ப்ராப்ளம்னு சொல்லிட்டுக் கிளம்புங்க."

"எப்படிச் சொல்றது? எல்லா ரூம்லயும் நல்லாத்தானே ஓடுது. ஆன்ட்டி, இதுல உங்க ரூம் எது?"

சந்திரமதி சமையலறைப் பக்கம் நடந்து, அங்கிருந்த கனமான இரும்புக் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார்.

உள்ளே ஒரு மடக்குக் கட்டில், ஒரு சின்ன மின்விசிறி, ஒரு முருகன் படம். ஜன்னல் இல்லை. ரியாஸ் லேப்டாப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் லேப்டாப்பில் வைஃபை நின்றுபோனது. அவன் பதறிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஆன்ட்டி, இது பாம் ஷெல்டர்! குண்டு விழுந்தா ஒளிஞ்சுக்கறதுக்கு இங்க வீட்டுக்கு வீடு கட்டுன இடம். இந்த கான்கிரீட்டைத் தாண்டி நெட் எப்படி வரும்?"

"தெரியும் தம்பி. ரெண்டு வருஷமா தெரியும். இவன்தான் லேப்டாப் பழசு, லேப்டாப் பழசுன்னே சொல்லிக்கிட்டிருந்தான். நீங்க பார்த்ததை உங்க சர்வீஸ் ஃபார்ம்ல எழுதிக் குடுங்க."

ரியாஸ் பேனாவை அழுத்தி எழுதினான்: 'லேப்டாப்பில் கோளாறு இல்லை. ஆளை வைத்திருக்கும் இடத்தில்தான் கோளாறு.'

சந்திரமதி அதை வாங்கி மகன் கையில் திணித்தார்.

"அப்பா போனதும் பெரிய ரூமைக் கேட்ட, குடுத்தேன். ஒவ்வொண்ணா எல்லாத்தையும் குடுத்தேன். இப்ப நாலு மணிக்குள்ள அந்த ட்ரெட்மில்லைத் தூக்கி இதுக்குள்ள போடு. முடியாதுன்னா நீயே வந்து இங்க படுத்துக்க. வீடு இன்னும் என் பேர்லதான் இருக்கு."