முழு மிதி

விரலை எடுத்த பிறகும் அது திரும்பி வரவில்லை.

இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். பாதி வரை தள்ளி விரலை எடுத்தால் படக்கென்று மூடிக்கொள்கிறது. முழுதாகத் தள்ளினால் போய் நின்றுவிடுகிறது. நின்றது நின்றதுதான்.

கார் ஷெட் காலியாக இருந்தது. அவர் கையில் இருந்தது ஒரு த்ராட்டில் பாடி. இன்ஜினுக்குள் காற்றை விடுகிற வாய். உள்ளே ஒரு வட்ட மூடி. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். அதற்கு வேறு வேலையே கிடையாது.

இதன் ஜோடி காரில் இருக்கிறது.

கார் கோத்தகிரி மலையில் இருக்கிறது. ஓட்டிப் போயிருப்பது வசந்தாமணி, அவர் மனைவி.

பழைய கார். அதன் த்ராட்டில் தேய்ந்துபோய்விட்டது, புதிது எங்கேயும் கிடைக்கவில்லை. காரை விற்றுத் தள்ளும்படி ஊரே சொன்னது. ஊர் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார்? உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வேறொரு பெரிய காரின் த்ராட்டில் இரண்டைப் பிடித்தார். ஒன்று மாட்ட, ஒன்று கைவசம் இருக்க. போல்ட் துளைகள் பொருந்தவில்லை. நடுவில் வைக்க லேத் தண்டபாணியிடம் சொல்லி இரண்டு அலுமினியத் தகடுகள் கடைந்து வாங்கினார்.

அளவு சொன்னது அவர்தான். காரின் இன்ஜின் வாய் எவ்வளவோ, தகட்டின் துளையும் அவ்வளவு.

புது த்ராட்டிலின் வாய் அதைவிடப் பெரியது என்று தெரியும். முழுதாகத் திறக்கும்போது அதன் மூடி பின்பக்கம் வெளியே நீளும், நீண்டு அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் என்பது மட்டும், இன்று கைவசம் இருந்ததில் இன்னொரு தகட்டை முடுக்கிப் பார்க்கும்வரை புத்தியில் ஏறவில்லை. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி போனது. காந்திபுரம் நெரிசலில் யார் அடிவரை மிதிக்கிறார்கள்?

மலையில் மிதிப்பார்கள்.

காலையில் பின்சீட்டு நிறையக் கட்டுச்சோறு ஏற்றினார்கள். மாசமாக இருக்கும் தங்கை மகளுக்குப் பெரியம்மா வீட்டு விருந்து. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று போசி போசியாக.

"நான் பஸ்ஸுலயே போயர்றனுங்க" என்றாள் வசந்தாமணி. "இத்தனையும் வெச்சுட்டு இந்த வண்டி மலையேறுங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. கோத்தகிரியில் சகலை இருக்கிறார். போன பொங்கலுக்கு இந்தக் காரைச் சுற்றி வந்து, எடைக்குப் போட்டால் என்ன தேறும் என்று கேட்ட மனுஷர். அவர் முகத்தில் விழிக்க மனமில்லாமல்தான் இவர் வீட்டில் தங்கினார். கார் போகட்டும், போய்ப் பதில் சொல்லட்டும் என்று நினைத்தார்.

"முன்ன மாதிரி திணறாது. வளைவு தாண்டுனதும் அடிவரைக்கும் மிதி. பறக்கும் பாரு."

தலையாட்டினாள். அவர் சொன்னால் செய்கிறவள்.

இப்போது அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது.

மறுபடி போட்டார்.

வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்பதும் அவர் சொன்னதுதான்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். சத்தம் அடங்கவில்லையென்றால் சாவியைத் திருப்பி அணைத்துவிடு. இத்தனை வருஷத்தில் அதை அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. தேவைப்பட்டதில்லை.

துரத்திப் போக வேறு வண்டி இல்லை. இருந்தாலும் எட்டாது. ஷெட்டுக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அடிவாரத்து நஞ்சப்பன்!

டீக்கடை வைத்திருக்கிறவன். மலையேறும்போதெல்லாம் அவன் கடையில் நிறுத்துவது வழக்கம். அவன் கை காட்டி நிறுத்தினால் போதும். எண்ணைத் தேடுவதற்குள் திரை முழுக்க கிரீஸ் அப்பிக்கொண்டது.

"அண்ணா, சொல்லுங்ணா! அக்கா இப்பத்தான் மேல போனாங்க. இன்னைக்கு டீக்குக்கூட நிக்கலீங்ணா. வண்டிய என்ன பண்ணுனீங்க? பஸ்ஸையே முந்திட்டுப் போகுது!"

போனோடு ஷெட்டுக்கு வெளியே வந்தார்.

"வளைவு தாண்டியும் சத்தம் குறையலீங்ணா. இன்னும் இங்க கேக்குது. கேளுங்க, கேளுங்க."

நஞ்சப்பன் போனை மலைப்பக்கம் நீட்டியிருக்க வேண்டும். காற்றின் இரைச்சல். ஒரு நாய். அதற்கும் மேலே, எங்கோ, அவர் கார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

கியர் மாற்றுகிற இடைவெளி இல்லை. ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே கத்தல். காலை எடுத்த பிறகும் கத்துகிற கத்தல்.

"மணி, சாவியத் திருப்பு" என்றார். "சாவியத் திருப்பு கண்ணு."

சாவியைத் திருப்பினால் சத்தம் நிற்கும்.

வேறு விதத்திலும் நிற்கும்.

நின்றது.

நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சுங்களாண்ணா?" என்று சந்தோஷமாகக் கேட்டான் நஞ்சப்பன்.